தல்மாசியோவுக்கு ஒரு கல்

— நேத்தே உங்கள லாவாக் டவுனுக்கு அனுப்பிட்டேன்னு ஊர்த் தலைவி பெலாஜியாக்கா சொன்னாங்களேப்பா. இங்க வந்து பாத்தா அடுப்படியில உக்காந்து மூட்டை கட்டிட்டிருக்கீங்க.

— கட்டி முடிச்சாச்சு கண்ணு. ரெண்டு சட்டை, ஒரு டவுசர், சவரக் கத்தி. நேத்துப் போகணும்னுதான் இருந்தேன். ஒரு சின்ன வேலை பாக்கி நின்னுபோச்சு. நீ கவலப்படாதே, பின்வாசல் வழியா போயிடறேன். தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டா எனக்கே என்னை அடையாளம் தெரியாது.

— நான் இன்னும் போகச் சொல்லவே இல்லையே.

— அதான் சொல்றேன். மணிலாவுலேருந்து இவ்வளவு தூரம் வந்து, 'அப்பா, உங்க நினைவுக்கல்லு திறக்கற வரைக்கும் ஊர்ல இல்லாம இருங்க'ன்னு எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சுக்கிட்டு நிப்ப. எதுக்கு அந்தச் சங்கடம்? நீ கேக்காமலே ஆகட்டும். பரவால்ல.

— அந்தப் 'பரவால்ல'ய மட்டும் சொல்லாதீங்கப்பா. அதக் கேட்டா எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருக்கு.

— சரி, சொல்லல. பரவால்ல.

— சாப்ட்டீங்களா?

— ஆச்சு. என் படையலத்தான் சாப்ட்டேன். காலையிலயே உன் ரசிகருங்க ஒரு வேன்ல வந்து எறங்கினாங்க. தாடி வெச்ச பசங்க, கையெல்லாம் பச்சை குத்தின பொண்ணுங்க. கரையில வாழையில விரிச்சு ஒட்டரிசிப் பலகாரம், அவிச்ச முட்டை, ஒரு கிண்ணம் கரும்புச் சாராயம், ரெண்டு சிகரெட்டு. அழகா வெச்சுட்டு அழுதுட்டுப் போனாங்க. காக்கா கொத்தறதுக்கு முன்னாடி நான் போய் எடுத்துட்டு வந்தேன். எனக்குச் சிகரெட்டு ஆகாதுன்னு பாட்டுல ஒரு வரி சேத்திருக்கலாம் நீ.

— விளையாடாதீங்க.

— யாரு விளையாடறா? செத்தவனுக்கு வெச்சத உயிரோட இருக்கறவன் தின்னா ஆகாதும்பாங்க. நான் ரெண்டு கட்சியிலயும் இருக்கேன். எனக்கு ஆகும்.

— அப்பா, ப்ளீஸ்.

— சரி. நீ சாப்டு. பலகாரம் மிச்சம் இருக்கு. உன் முகமே சரியில்ல, ஏதோ ஜுரத்துலேருந்து எந்திரிச்சவ மாதிரி. மேடையில நிக்கணுமே நீ. கேளு, உன் பேண்டுப் பசங்க மேளத்தத் தட்டிப் பாக்கறாங்க. அந்த மேளம் எதுக்குக் கண்ணு? உன் கிட்டார் சத்தமே அதுல அமுங்கிப்போவுது. பிகான்ல பாடினப்பவும் அப்படித்தான். வாய்ல வெச்சு ஊதுவியே அந்த மவுத்தார்கன், அது மட்டும்தான் பின்வரிசைக்குக் கேட்டுச்சு.

— பிகானுக்கு நீங்க வந்தீங்களா?

— தொப்பி போட்டுக்கிட்டுத்தான். யாரும் பாக்கல. பக்கத்துல ஒரு அம்மா தேம்பித் தேம்பி அழுதுச்சு. 'இந்தப் பொண்ணோட அப்பா கடல்ல போயிட்டாராம், உங்களுக்குத் தெரியுமா'ன்னு என்னக் கேட்டுச்சு. 'கேள்விப்பட்டேங்க, பாவம்'னேன். தன் கைக்குட்டைய எனக்குக் குடுத்துச்சு. தொவச்சு வெச்சிருக்கேன், எங்க போய்த் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியல.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

— சொன்னா நீ மேடையில என்னைத் தேடுவ. தேடினா பாட்டு தடுமாறும். அந்தப் பாட்டுல ஏற்கனவே ரெண்டு தப்பு இருக்கு. இன்னொண்ணு எதுக்கு?

— என்ன தப்பு?

— அப்புறம் சொல்றேன். இப்பச் சொன்னா நீ மேடையில போய் அதையே நெனச்சுக்கிட்டு நிப்ப.

— நான் எதையும் நெனக்காமத்தான் மூணு வருஷமா மேடையில நிக்கறேன்பா. அதே பாட்டு. அதே எடத்துல கண்ண மூடறேன், அதே எடத்துல குரல ஒடைக்கிறேன். புதுசா ஒரு வரி வரல. ஆல்பம் போடறவங்க, 'கடல் பாட்டு இன்னொண்ணு இருக்கா'ன்னு கேக்கறாங்க. கிட்டாரத் தூக்கினா நீங்கதான் கண்ணு முன்னாடி வர்றீங்க. பின்கட்டுல ஒக்காந்து வலைக்கு ஓட்டை போட்டுக்கிட்டு...

— ஓட்டை போடல. தைக்கிறேன்.

— ...தச்சுக்கிட்டு. என்னப் பெத்தவர வீட்டுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டு நான் எதப் பத்திப்பா உண்மையா எழுதறது?

— ஒளிச்சு வெக்கல. அது ஊர்த் தலைவி போட்ட ஏற்பாடு. வெளியாளு கேட்டா நான் காகயான் பக்கத்துலேருந்து வந்த ஒண்ணுவிட்ட சித்தப்பா. பேரு தியோங். தியோங்குங்கற பேரு எனக்குப் பழகிக்கூடப் போச்சு. அவன் நல்ல மனுஷன். ஒரு தப்பும் பண்ணாதவன்.

— ஏற்பாடு அவங்க போட்டது. சரின்னு தலையாட்டினது நான். நீங்க பஸ்ஸுலேருந்து எறங்கி இந்த வாசல்ல வந்து நின்ன அன்னிக்கு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? உள்ள வாங்கன்னு சொன்னேனா? 'இந்த டூர் முடியட்டும்பா, யாரு கண்ணுலயும் பட்டுடாதீங்க'ன்னு சொன்னேன். சோறு போடறதுக்கு முன்னாடி அதச் சொன்னேன். இன்னும் நெனச்சா காது சுடுது.

— நீ தலையில அடிச்சுத் தொரத்தியிருந்தாலும் சரின்னுதான் வந்தேன் கண்ணு. சோறே எதிர்பாக்கல.

— எப்படி ஆரம்பிச்சதுன்னு உங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. பாகியோவுல ஒரு சாராயக் கடையில அடுத்தவங்க பாட்டப் பாடிக்கிட்டிருந்தேன். குடிச்சவங்க அவங்களுக்குப் பிடிச்சதச் சீட்டுல எழுதிக் குடுப்பாங்க, அதப் பாடணும். என் சொந்தப் பாட்டு நடுவுல ஒண்ணு பாடினா எந்திரிச்சு ஒண்ணுக்குப் போவாங்க. மொத ஆல்பத்த என் சிநேகிதங்களே வாங்கல. ரெண்டாவதுல கடைசியா இந்தப் பாட்ட வெச்சேன். யாரோ அத ஒரு டிவி சீரியல்ல போட்டுட்டாங்க. ரேடியோவுல கூப்பிட்டாங்க. 'அப்பா கடலுக்குப் போனவரா'ன்னு நிகழ்ச்சி நடத்தற அம்மா கேட்டுச்சு. 'போனாரு, திரும்பல'ன்னு சொன்னேன்.

— உண்மைதானே.

— உண்மைதான். ஆனா அந்தம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டுச்சு. அப்ப நான் திருத்தியிருக்கணும். வாய மூடிக்கிட்டு இருந்தேன். அப்புறம் போஸ்டர்ல போட்டாங்க, விருது குடுக்கறப்ப சொன்னாங்க, நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் துக்கம்னு நெனச்சாங்க. வெக்கம்பா அது.

— உனக்கு என்ன வெக்கம்? வெக்கப்பட வேண்டியவன் நான். அப்பன் செத்துட்டான்னு புள்ள நம்புது. நம்பினதப் பாடுது. இதுல உன் தப்பு என்ன இருக்கு? நான் போய்ச் சேந்திருந்தா எல்லாம் சுத்தமா இருந்திருக்கும். நடுவுல கெளம்பி வந்ததுதான் தப்பு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— அந்தக் கல்லப் பாத்தியா கண்ணு?

— துணி போட்டு மூடியிருக்காங்க. பேருதானே இருக்கும்.

— என் பேரு இருக்கும். 'தல்மாசியோ. கடல் கொண்டது.' நல்ல கல்லு, வழவழன்னு. எங்கப்பனுக்குக்கூட அப்படி ஒரு கல்லு இல்ல. இசிட்ரோ பேரு இல்ல.

— மாமா பேரா?

— உங்க மாமா பேருதான். உங்கம்மாவோட ஒரே தம்பி. நிஜமா கடலுக்குள்ள போனவன் அவன். அவனுக்குக் கல்லு இல்ல. பலகாரத்தத் தின்னுட்டு அடுப்படியில ஒக்காந்திருக்கறவனுக்குக் கல்லு.

— பாட்டுல மாமா இல்ல. அதனால வெளியில யாருக்கும் தெரியாது. நான்தான் விட்டுட்டேன்.

— உன்னக் குத்தம் சொல்லல. நான் எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டேன், இது ஒண்ணு மட்டும் தொண்டையில நிக்குது. ஒரு நாளும் உன்கிட்ட சொன்னதில்ல, இப்பவும் சொல்ல வாய் வரல. ஆனா சொல்லாம வண்டி ஏறினா அவன் என்ன விடமாட்டான். அன்னிக்கு மேகத்தப் பாத்துட்டு அவன் வேண்டாம்னான். 'மச்சான், இன்னிக்கு விட்டுடலாம்'னான். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சேன். படகு கவுந்தது. நான் பக்கவாட்டுக் கட்டையப் புடிச்சேன். அவன் என் காலப் புடிச்சிருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு என் கால் லேசாச்சு.

— அப்பா.

— வேற ஏதோ கரையில ஒதுங்கினேன். அங்க நின்னு கூப்பிட்டேன். நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கே. கடல்லேருந்தோ ஆத்துலேருந்தோ கிளம்பறப்ப, நம்ம உயிரு அங்கயே தங்கிடாம கூடவே வரணும்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவோமே. எம் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டேன். அவன் பேரச் சொல்லி இருட்டற வரைக்கும் கூப்பிட்டேன். 'இசிட்ரோ, வா, வீட்டுக்குப் போலாம், இங்கயே தங்கிடாதே.' அவன் வரல. அப்புறம் நான் மட்டும் எப்படி வர்றது? உங்கம்மா காலையில வாசல்ல நின்னு 'அவன பத்திரமா கூட்டிட்டு வாங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பினா. பலவான் போற கப்பல்ல கூலிக்கு ஏறினேன். நாளைக்குத் திரும்பலாம், அடுத்த மாசம் திரும்பலாம்னு நெனச்சேன். வெக்கம் ஒரு நாள் தாண்டிடுச்சுன்னா அப்புறம் அதுவே வீடு கட்டிக்கிட்டு ஒக்காந்துடுது.

— பலவான்ல கருவாட்டுக் களத்துல இருந்தீங்க.

— ஆமா. அங்க சாயங்காலமானா ஒரு கரோக்கிப் பொட்டி வெச்சுப் பாடுவாங்க. ஒரு பொண்ணு காதக் கிழிக்கற மாதிரி ஒரு பாட்டு பாடிச்சு. மணிலா பாஷையில. நடுவுல நம்ம ஊரு பாஷையில ஒரே ஒரு வரி. 'வா, வீட்டுக்குப் போலாம், இங்கயே தங்கிடாதே.' அந்தப் பொண்ணுக்கு அர்த்தமே தெரியல, இஷ்டத்துக்கு இழுக்குது. எனக்குக் கையில இருந்த மீன் கீழ விழுந்துடுச்சு. டிவியில உன் படம். உங்கம்மா மூக்கு.

— பெலாஜியாக்கா வர்றாங்க. உங்கள இங்க பாத்தா கத்துவாங்க.

— ரொவேனா. இங்கதான் இருக்கியா. கரையெல்லாம் உன்னத் தேடறேன். இத பாரு, ஊரே திரண்டு நிக்குது, பாதிரியார் வந்தாச்சு, டிவிக்காரன் கேமராவ நட்டுட்டான். இப்பப் போய்... இரு, இரு. இந்தச் செத்த மனுஷன் இன்னும் போகலையா?

— கெளம்பிட்டேன் தலைவியம்மா. நான் சொல்லிவெச்ச வண்டிதான் வரல.

— வண்டி வாசல்ல நின்னு ஹாரன் அடிக்குது, உங்களுக்குக் காது கேக்கலையா? அது கெடக்கட்டும். ரொவேனா, இத பாரு, யாரோ கல்லுல கை வெச்சுட்டாங்க. துணி சரியா இருக்கான்னு தூக்கிப் பாத்தேன். தல்மாசியோங்கற பேரு மேல நீல பெயிண்ட்ட அப்பி, அதுக்குக் கீழ 'இசிட்ரோ'ன்னு எழுதி வெச்சிருக்காங்க. எழுத்துகூட ஒழுங்கா இல்ல, பள்ளிக்கூடத்துப் புள்ள எழுதின மாதிரி கோணிக்கிட்டு. எந்தப் பாவி... நீங்க எதுக்குக் கையப் பின்னால கட்டிக்கிறீங்க?

— சும்மாதான்.

— காட்டுங்க கைய.

— படகுக்கு அடிச்சது.

— உங்களுக்கு ஏது படகு? தியோங்குக்குப் படகும் இல்ல, தல்மாசியோவோட படகு கடல்ல போச்சு. நகக்கண்ணெல்லாம் நீலம். இதுதான் அந்தச் சின்ன வேலையா?

— அப்பா, நீங்களா?

— விடியறதுக்கு முன்னாடி போய் எழுதினேன். மன்னிச்சுடு கண்ணு. உன் நாள கெடுக்கணும்னு இல்ல. துணிய எடுத்து எல்லாரும் கும்பிடறப்ப அவன் பேரக் கும்பிடட்டும்னு நெனச்சேன். நான் அப்ப லாவாக்ல இருப்பேன். யாரோ பண்ணினாங்கன்னு போயிடும்னு நெனச்சேன்.

— யாரோ பண்ணினாங்கன்னு போகுமா? டிவியில வரும். 'இசிட்ரோ யாரு'ன்னு கேப்பாங்க. ஒண்ணக் கேட்டா இன்னொண்ணக் கேப்பாங்க. அப்புறம் இந்த ஊரு நாறிடும். இத பாருங்க தல்மாசியோ, உங்க பேரச் சொல்லி நான் கூப்பிட்டு எத்தன நாளாச்சு, இன்னிக்குச் சொல்றேன். நீங்க செத்துத்தான் இந்த ஊரு பொழைக்குது. மீனு போச்சு. பசங்கெல்லாம் அரபு நாட்டுக்குப் போயிட்டாங்க. இவ பாட்டக் கேட்டுட்டு வர்றவங்களாலதான் நாலு வீட்டுல ரூம் வாடகைக்குப் போகுது, கரையில கடை நடக்குது. உங்கள உயிரோட வெச்சுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

— தெரியும் தலைவியம்மா. அதனாலதான் கெளம்பறேன்.

— ரொவேனா, மண்ணெண்ணெய் வெச்சுத் தொடைச்சா பெயிண்ட் போயிடும், இன்னும் காயல.

— பின்ன ஏன்க்கா தொடைக்கல? என்கிட்ட எதுக்கு வந்தீங்க?

— தொடைக்கலாம்னுதான் துணியும் கையுமா நின்னேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம். இசிட்ரோவும் நானும் ஒரே பெஞ்சு. எனக்குத் திருவிழாவுல ரிப்பன் வாங்கிக் குடுத்தவன். அவன் போனப்ப எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க, அழக்கூட முடியல. கல்லு வெட்டறவன் பேரு கேட்டப்ப, ஒரு பேரா ரெண்டு பேரான்னு கேட்டான். பாட்டுல ஒருத்தர்தானேன்னு சொல்லி ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன். என் வாயால சொன்னேன். அந்தப் பேரு மேல என்னால மண்ணெண்ணெய் ஊத்த முடியாது. உன் அப்பாவோட கல்லு, உன் பாட்டு, நீயே சொல்லு. தொடைக்கறதா, விடறதா?

— எவ்வளவு நேரம் இருக்குக்கா?

— பாதிரியார் ஜெபம் ஆரம்பிச்சுட்டார். அவரு நீட்டி முழக்கறவரு, கொஞ்சம் தாங்கும். அது முடிஞ்சதும் நீ பாடற, பாட்டு முடியறப்ப துணிய இழுக்கறோம். அதுக்குள்ள யாரையாவது அனுப்பிச் சொல்லு. மொதல்ல இந்த மனுஷன வண்டியில ஏத்து. நான் போறேன். எங்கண்ணு ஏன் இப்படி எரியுது, பெயிண்ட் வாசனையோ என்னமோ.

— நல்ல பொம்பள.

— ஆமாப்பா.

— தொடைக்கச் சொல்லிடு கண்ணு. நான் பண்ணினது முட்டாள்தனம். ஒன் பொழப்புல போய் பெயிண்ட் அடிச்சிருக்கேன். லாவாக்ல கோயில்ல அவன் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திக்கறேன், அது போதும். மூட்டைய எடு. இல்ல, நீ எடுக்காதே, நானே எடுத்துக்கறேன்.

— ரெண்டு தப்புன்னு சொன்னீங்களே. சொல்லிட்டுப் போங்க.

— இப்ப எதுக்கு?

— இப்பத்தான் வேணும்.

— மணிலாவுல பாடினா யாருக்கும் தெரியாது. இன்னிக்கு நம்ம ஊருப் பொம்பளைங்க முன்னாடி பாடப் போற. அவங்க வாய்க்குள்ள சிரிச்சுக்குவாங்க. அதனாலதான் சொல்றேன், மனசுல வெச்சுக்காதே. மொதத் தப்பு, செத்தவங்களப் போய் 'வா, வீட்டுக்குப் போலாம்'னு யாரும் கூப்பிட மாட்டாங்க கண்ணு. அது உயிரோட இருக்கறவங்களுக்கு. கல்லறைத் தோட்டத்துலேருந்து திரும்பறப்பகூட, கூட வந்த நம்ம ஆளுங்களத்தான் கூப்பிடுவோம். பொதைச்சவங்களக் கூப்பிட்டா அது பெரிய வினை. செத்தவங்களுக்குப் படையல் வெச்சு, நிம்மதியா போன்னு சொல்லணும்.

— ரெண்டாவது?

— பேரு இல்ல. கூப்பிடறதுன்னா பேரச் சொல்லணும். பேரு சொல்லாமக் கூப்பிட்டா யாரு வருவா? இதெல்லாம் அப்பன் இருந்து சொல்லிக் குடுத்திருக்கணும். நான் இல்ல. உனக்கு வழக்கம் தெரியாமப் போனதுக்கும் நான்தான் காரணம். பலவான்ல அதக் கேட்டப்ப மொதல்ல அதுதான் உறைச்சது. என் புள்ள தப்பாக் கூப்பிடுது, சொல்லிக் குடுக்க ஆளில்லன்னு. ஆனா தப்பான கூப்பாடா இருந்தாலும் எனக்குக் கேட்டுடுச்சு. அப்புறம் அங்க இருக்க முடியல, கெளம்பி வந்துட்டேன்.

— அம்மா வருஷா வருஷம் படகு கவுந்த இந்த நாள்ல எத்தன படையல் வெச்சாங்க தெரியுமாப்பா?

— ரெண்டு வெச்சிருப்பா. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

— ஒண்ணு. மாமாவுக்கு மட்டும்.

— எம்மேல கோவம் இருந்திருக்கும். நியாயம்தான்.

— நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப கேட்டேன், 'அப்பாவுக்கு ஏம்மா வெக்கல'ன்னு. 'ஒங்கப்பன் பசிச்சா எங்கயாவது வாங்கித் தின்னுக்குவான்'னு சொன்னாங்க. சொல்லிட்டு அடுப்புல ஊதினாங்க, ரொம்ப நேரம் ஊதினாங்க.

— என்ன சொல்ற நீ?

— சரக்குக் கப்பல்ல வேலை பாத்த ஆளு ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனார். பலவான்ல கருவாட்டுக் களத்துல உங்களப் பாத்ததா. கூப்பிட்டா ஓடி ஒளிஞ்சுட்டீங்கன்னு. நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். அம்மா யாருகிட்டயும் மூச்சு விடல. 'வெக்கப்பட்டு ஒளிஞ்சவனத் தேடிப் போகக் கூடாது, அவனா வரட்டும்'னு என்கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாங்க. தம்பி போனதுக்கு உங்க மேல அவங்களுக்குக் கோவமே இல்ல. அவங்களும் தம்பிய அன்னிக்கு வேண்டாம்னு தடுக்கலையேன்னுதான் அழுதாங்க.

— அவளுக்குத் தெரியுமா? கடைசி வரைக்கும் தெரியுமா?

— தெரியும். அவங்களப் பொதைச்சுட்டுத் திரும்பறப்ப, கல்லறைத் தோட்டத்து வாசல்ல பொம்பளைங்க நம்ம வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தர் பேரா சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒங்க பேர யாரும் கூப்பிடல. எல்லாருக்கும் நீங்க செத்தவரு. நான் வாயத் தெறந்தேன். சொன்னா அம்மா கட்டிக் காத்தது போயிடும், உங்க வெக்கம் ஊருக்குத் தெரிஞ்சுடும். முழுங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் பாட்டு எழுதினேன், பேரு மட்டும் இல்லாம.

— அப்ப அந்தப் பாட்டு...

— மூட்டையக் கீழ வைங்க. கல்லுல இருக்கற பேர யாரும் தொடைக்க வேண்டாம், அது சரியாத்தான் இருக்கு. அந்த ரெண்டு தப்புல மொதல்லது தப்பே இல்லப்பா, உயிரோட இருக்கறவரத்தான் கூப்பிட்டேன். ரெண்டாவதத்தான் நான் இப்பத் திருத்தணும். தல்மாசியோ, வா, வீட்டுக்குப் போலாம். இங்கயே தங்கிடாதே.